நான்காவது பெயர்

சென்னியப்பன் பேசாமல் விட்ட பேச்சு கன்னிமார்பாளையத்துக்காரர்களின் வாய் வழியாக வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, பால் சொசைட்டியில். ராமாத்தாள் கேனை இறக்கி வைத்துவிட்டு "மூணரை லிட்டருங்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். முதலில் ஒரு செருமல் வந்தது, நாற்பது வருசம் மேடையேறிய சென்னியப்பனுக்கு மட்டுமே உரிய இரட்டைச் செருமல். பிறகு அவளுடைய சொந்தக் குரலிலேயே, ஆனால் அவள் பிறந்ததிலிருந்து பேசியிராத புத்தகத் தமிழில், "நம் ஆற்றுத் தண்ணீர் என்ன நிறம் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், இன்றைக்கு என்ன கிழமை என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், தோழர்களே" என்று வந்தது. சொசைட்டி செயலாளர் பேனாவை எடுக்காமல், "எத்தன லிட்டர்னு சொன்னீங்க?" என்றார். "மூணரை" என்றாள் ராமாத்தாள். அவர் எழுதிக்கொண்டார். வரிசையில் அடுத்து நின்றவள் கேனைத் தள்ளி வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு முன்னால் போட்டிருந்த மேடையில் சென்னியப்பன் இருபத்திரண்டு தாளில் எழுதிக் கொண்டுவந்த பேச்சை விரித்து, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று சொன்னதும் மைக்குக்குக் கரண்ட் நின்றது, போலீஸ் மேடையேறியது, தாள்களை வாங்கிக்கொண்டது, ஆளையும் ஏற்றிக்கொண்டு போனது. கோர்ட்டில் நிபந்தனை ஜாமீன் கொடுத்தார்கள். அறுபது நாள் வேதாரண்யத்தில் தங்க வேண்டும், தினமும் காலை பத்து மணிக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நான்கு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்கக் கூடாது. சென்னியப்பன் சட்டத்தை மதிக்கிறவர் என்பதால் அப்படியே நடந்தார். அவர் அங்கே வாயை மூடிக்கொண்டார், பேச்சு இங்கே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஏன், எப்படி என்று அப்போது யாரும் கேட்கவில்லை, இப்போதும் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஆறே திங்கட்கிழமை பச்சையாகவும் வியாழக்கிழமை ஊதாவாகவும் ஓடுகிறது, அதை ஏன் என்று கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக வாழ்க்கையை ஆரம்பித்து, 'மடை' என்று ஒரு மாத இதழை முப்பத்தொரு வருசமாக ஒற்றை ஆளாக நடத்திவந்தார், சில மாதம் பதினாறு பக்கம் வரும், சில மாதம் நான்கு. பதினொரு புத்தகம் எழுதினார். அதில் இரண்டு நாவல்கள், அவற்றை ஊரில் ஒருவரும் படித்ததில்லை என்றாலும் அதில் தங்கள் குடும்பம்தான் வருகிறது என்று நாற்பது குடும்பமாவது நம்பி, பத்து குடும்பமாவது அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தது. மூன்று தடவை ஜெயிலுக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வந்து எதைச் சொல்லி அழுதாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி "தாள் எங்கே?" என்பதுதான். தெருவில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வயதில், மில் ஸ்டிரைக்கில் போலீஸ் சுட்டதில் ஒரு வாட்ச்மேன் செத்துப்போனான் என்று நான்கு பேர் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்ததை நம்பி முதல் பக்கத்தில் எழுதிவிட்டார். நாலாவது நாள் அந்த வாட்ச்மேன் மாமனார் ஊரிலிருந்து தோளில் ஒரு பலாப்பழத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். மில்காரர்கள் அவனை மாலை போட்டு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள், சிரிப்போடு சிரிப்பாக ஸ்டிரைக் உடைந்தது, எண்பது பேருக்கு வேலை போனது. அன்றிலிருந்து முத்திரை விழுந்த தாள் ஆதாரமாக இல்லாமல் எதையும் சென்னியப்பன் எழுதியதில்லை. இந்த ஊரில் அவரை எதிர்த்து எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பொய் எழுதினார் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் பேச நினைத்தது பொன்மணி சாயப்பட்டறையைப் பற்றி. போன ஆவணியில் அங்கே கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஆட்கள் விஷவாயுவில் செத்தார்கள். மூன்று பிணம் வந்தது, மூன்று பேருக்கு ஊர் திரண்டு போய் உட்கார்ந்தது. அன்று காலை சோற்றுப் பாத்திரமான போசியைத் தூக்கிக்கொண்டு அதே பட்டறைக்கு வேலைக்குப் போன வெள்ளிங்கிரி மட்டும் வீடு திரும்பவில்லை. அவன் அன்றாடக் கூலி, பட்டறையின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று முதலாளி தங்கமுத்து சொன்னார். அவனைப் பாலக்காட்டு பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளையோடு பார்த்ததாக மேஸ்திரி கருப்பணன் சொன்னார். மேஸ்திரி சொன்னது ருசியாக இருந்ததால் ஊர் அதையே எடுத்துக்கொண்டது, நாங்களும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் ஊர் முழுக்க எழவு விசாரிக்கப் போக வேண்டும். விரோதியாக இருந்தாலும் போய் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், அந்த வீட்டுக்காரர்கள் அந்தக் கையைத் தொட வேண்டும், பிறகு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். ஓடிப்போனவன் வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். வெள்ளிங்கிரியின் மனைவி துளசிமணி வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தாள். பொட்டு வைத்துக்கொண்டு போனால் ஒரு பேச்சு, வைக்காமல் போனால் இன்னொரு பேச்சு என்று ஆனதால், ஆவணியிலிருந்து பொட்டை வைப்பதும் வாசலுக்கு வந்து அழிப்பதுமாக இருந்தாள். புருசன் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊர் வந்து உட்காராமல் ஒருத்தி தனியாக எப்படி அழுவது? அவள் அழவே இல்லை. அதையும் நாங்கள், பார்த்தாயா, அவன் ஓடிப்போனது அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

ராமாத்தாளுக்கு அடுத்த வாக்கியம் மினி பஸ் கண்டக்டருக்கு வந்தது, அதற்கடுத்தது பேங்கில் நகை வைக்கப் போன ஒரு அம்மாவுக்கு, அதற்கடுத்தது பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்த ஆளுக்கு. ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம், ஒருவருக்கு ஒன்று, வரிசை மாறாமல். முதல் இரண்டு நாள் கொஞ்சம் குழப்பம் இருந்தது, மூன்றாம் நாள் மயில்சாமி தன் பேக்கரியில் பஜ்ஜி, போண்டா விலை எழுதுகிற கரும்பலகையை அழித்து அன்றன்றைக்கு வந்த வாக்கியங்களை எழுத ஆரம்பித்ததும் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. வாக்கியம் வந்தவர்கள் நேராக பேக்கரிக்கு வந்து ஒப்பித்துவிட்டு ஒரு டீ வாங்கிக் குடித்தார்கள். "உங்களுக்கு வந்துருச்சுங்களா?" என்பது ஊரில் நலம் விசாரிக்கிற கேள்வி ஆனது. இழுப்பு நோய்க்காரரான தபால்காரருக்குப் பேச்சிலேயே நீளமான வாக்கியம், பதினேழு கமா போட்டது, மூச்சு விடாமல் வந்தது, அன்றிலிருந்து இழுப்பு குறைந்தது என்று அவர் சொல்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குடிநீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மூன்று வருசத்துக்கும் புள்ளிவிவரத்தோடு சொல்லி, டீச்சரிடம் பென்சில் பரிசு வாங்கியது. ஒரு மாமியாருக்கு வெறும் "ஆகவே, தோழர்களே" மட்டும் வந்தது, அதே நாள் அவளுடைய மருமகளுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்ததில் இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

போலீசுக்கு இதில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தடை சென்னியப்பனின் வாய்க்கு மட்டும்தான், ராமாத்தாளின் வாய்க்கு இல்லை. கடைசியில் ஏட்டு நடேசனிடம் பறிமுதல் செய்த இருபத்திரண்டு தாளைக் கொடுத்து, வருகிறதெல்லாம் அதில் இருக்கிறதா, புதிதாக ஏதாவது சேர்கிறதா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். ஏட்டு தினமும் பேக்கரியில் உட்கார்ந்து, வந்த வாக்கியத்தை எல்லாம் பென்சிலால் டிக் அடித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. காவல்துறையைத் திட்டுகிற வாக்கியம் எட்டாம் தாளில் இருப்பது அவருக்கு முன்னாலேயே தெரியும். அது யாருக்கு வருமோ என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கே வந்தது. சொல்லி முடித்துவிட்டு அவர் அதற்கும் டிக் அடித்துக்கொண்டார்.

தங்கமுத்து மட்டும் பயந்தார். தன் வாயிலிருந்து எது வருமோ என்று மூன்று வாரம் வாயைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, பல்வலி என்று சொல்லி, மனைவியிடம்கூடச் சீட்டில் எழுதிக் காட்டினார். அக்கா மகளின் கல்யாண வரவேற்பில் வாழ்த்திப் பேச மேடைக்கு இழுத்துவிட்டார்கள். மப்ளரை அவிழ்த்ததும் செருமல் வந்தது. மண்டபமே எழுந்து நின்றது. "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று வந்தது. பதினொன்றாம் தாளின் நடுவில், தொண்டை வறண்டால் கேட்பதற்காக சென்னியப்பன் எழுதி வைத்திருந்த வரி அது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பெண் வீட்டுக்காரர்கள் பாசத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

இத்தனை பேர் இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தபோது துளசிமணி ஒன்றே ஒன்றைக் கேட்கக் காத்திருந்தாள். பேச்சில் எங்கேயோ செத்தவர்களின் பெயர் வரும், அதில் வெள்ளிங்கிரி பெயரும் வரும். சென்னியப்பன் வாயால், அதாவது ஊர் வாயால், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அவன் ஓடிப்போனவன் இல்லை. அவள் கம்பெனியில் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பேக்கரி ஓரத்தில் என்று பேச்சு வரக்கூடிய வாய்களின் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு இன்னும் வாக்கியம் எதுவும் வரவில்லை. இருபத்தைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கன்னிமார் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். பூசாரி யாருக்கோ பேரும் நட்சத்திரமும் சொல்ல வாயைத் திறந்தார், இரட்டைச் செருமல் வந்தது.

"பழனிச்சாமி, வயது முப்பத்திரண்டு; ஈஸ்வரன், வயது இருபத்தெட்டு; சின்னராசு, வயது நாற்பத்தைந்து."

கூட்டம் கும்பிட்டது. பூசாரி கையில் கற்பூரத் தட்டு இருந்ததால் அந்த மூன்று பெயருக்கும் தீபாராதனை காட்டினார். துளசிமணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில் பூ விற்கிறவள் செருமினாள். "இறந்தவர்கள் மூவர் என்கிறது அரசாங்கம், கூடுதலாகவும் இருக்கலாம்" என்றாள். அதற்கடுத்த வாக்கியம் வெளியே செருப்புப் பார்க்கிறவருக்கு வந்தது, அதில் சுற்றுச்சூழல் சட்டத்தின் பிரிவுகள் ஆரம்பித்துவிட்டன. துளசிமணி அர்ச்சனை செய்யாமலே தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக பேக்கரிக்கு வந்தாள்.

"ஏட்டய்யா, பின்னாடி வருதுங்களா அவரு பேரு?"

ஏட்டு தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "கேஸ் சொத்தும்மா இது. உள்ள என்ன இருக்குதுன்னு நான் சொல்லப்படாது."

"இருக்குதுன்னா தலைய ஆட்டுங்க. இல்லீன்னா சும்மா இருங்க."

ஏட்டு சும்மா இருந்தார். டீ ஆறிப்போனது.

அன்று ராத்திரியே துளசிமணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி, மூன்று பஸ் மாறி மறுநாள் காலை வேதாரண்யம் போனாள். காவல் நிலையத்து வாசலில் காத்திருந்து, பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த சென்னியப்பன் பின்னாலேயே லாட்ஜ் வரை நடந்தாள். அவருக்கு அவளைத் தெரியும். அறையில் கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன, அவர் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டார். அவள் உட்காரவில்லை.

"இருக்கலாமுன்னு எழுதியிருக்கறீங்க. இருந்தாரா, இல்லீங்களா?"

சென்னியப்பன் செருமிக்கொண்டு பேசினார். பேசிப் பேசிப் பழகிய வாய் ஒரு மாதத்தில் துருப்பிடித்தது போலாகியிருந்தது. "நான் தேடுனனம்மா. வருகைப் பதிவேட்டுல பேர் இல்ல. இன்சூரன்சு இல்ல. பிணப் பரிசோதனை அறிக்கை மூணுதான் இருக்குது. எதை வெச்சு எழுதட்டும்?"

"நான் அன்னைக்குப் போசி கட்டிக் குடுத்தனுங்க. தக்காளிச் சோறும் அப்பளமும். அந்தப் போசி திரும்பி வரல."

"அது ஆதாரம் ஆகாதும்மா."

"உங்களுக்கு ஆகாதுங்க. ஓடிப்போறவன் தொட்டிக் கழுவற பழைய டவுசரப் போட்டுட்டுப் போவானுங்களா? நல்ல வேட்டி வூட்டுலதான் இருக்குது, நாலு சட்டையும் இருக்குது. பத்தொம்போது வருசம் கூட இருந்தவ நானு. நான் சொல்றது தாள் இல்லீங்களா?"

"ஒருக்கா நாலு பேர் சொன்னத நம்பி எழுதி எண்பது குடும்பத்த நடுத்தெருவுல விட்டவன் நான்" என்றார் சென்னியப்பன். "தப்பா ஒரு பேரு எழுதிட்டா, சரியா எழுதுன மூணு பேரும் பொய்யாயிரும். தங்கமுத்து அதைத்தான் எதிர்பார்க்கறான்."

"அப்ப அந்த மூணு பேருக்காக எங்கூட்டுக்காரர உட்டுட்டீங்க."

பேச்சைப் புத்தகமாகப் போடும்போது அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம் என்று சென்னியப்பன் மெதுவாகச் சொன்னபோது துளசிமணி, அடிக்குறிப்பு என்றால் என்ன என்று கேட்டாள். பக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வருவது என்று அவர் விளக்கினார். "கீழதாங்க இருக்கறாரு இப்பவும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

பேச்சு முப்பத்தொன்பதாம் நாள் முடிந்தது. "நன்றி, வணக்கம்" என்கிற கடைசி வரி அதுவரை அம்மா என்றுகூடச் சொல்லியிராத ஒரு கைக்குழந்தைக்கு வந்து, குழந்தையின் தகப்பன் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். ஏட்டு கடைசி டிக்கை அடித்து, புதிதாக எதுவும் சேரவில்லை என்று அறிக்கை எழுதினார். மயில்சாமி பலகையைத் துடைத்துப் பஜ்ஜி விலையை எழுதினார். ஊருக்கு வாய் வெறிச்சென்று போனது. நாலு நாள் எல்லோரும் செருமிச் செருமிப் பார்த்தோம், சளிதான் வந்தது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு துளசிமணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அன்று மேடை போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பங்கூழ் வண்டி நின்றது. வண்டிக்காரரைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, கூட்டமும் இல்லை, தாராபுரம் பஸ்ஸுக்கு நின்ற ஆறேழு பேர்தான். பிசிறுத் தூசி பிடித்த நெஞ்சு என்பதால் எதைச் சொல்வதற்கு முன்னாலும் மூச்சை ஒருமுறை இழுத்துக்கொள்வது அவள் வழக்கம். இழுத்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரரு வெள்ளிங்கிரி அன்னைக்கு அந்தத் தொட்டியிலதானுங்க எறங்குனாரு. அவரு எங்கயும் ஓடிப்போகல."

ஒரு பெரியவர் "பேச்சுத்தான் முடிஞ்சு போச்சே, இதெங்க இருந்து வருது?" என்றார். பேக்கரியிலிருந்து எட்டிப் பார்த்த ஏட்டு பையைத் தட்டிக் காட்டி, "தாள்ல இல்லீங்க, அந்தம்மாவே சொல்லுது" என்றார். தாராபுரம் பஸ் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். துளசிமணி கம்பெனிக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு ராமாத்தாள் பால் சொசைட்டியில் வாயைத் திறந்தாள். செருமல் வரவில்லை. மூச்சு ஒன்று உள்ளே இழுத்தது. "எங்கூட்டுக்காரரு வெள்ளிங்கிரி அன்னைக்கு அந்தத் தொட்டியிலதானுங்க எறங்குனாரு" என்றாள். ராமாத்தாளின் வீட்டுக்காரர் வேறு ஆள், அவர் பக்கத்தில்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரும் மூச்சை இழுத்து அதையே சொன்னார். செயலாளர் சொன்னார். வரிசை முழுக்கச் சொன்னது. சென்னியப்பனின் வாக்கியம் ஆளுக்கு ஒன்றாக வந்தது, துளசிமணியின் வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது, மயில்சாமிக்கு, பூசாரிக்கு, தபால்காரருக்கு, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு வாயைத் திறந்த முந்நூறு பிள்ளைகளுக்கும். ஆண்களும் கிழவர்களும் அஞ்சு வயதுப் பிள்ளைகளும் எங்கூட்டுக்காரரு என்று சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது, அது யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்தது. மேஸ்திரி சொன்ன பாலக்காட்டுக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி கருப்பணன் பேக்கரிக்கு வந்தார். டீ கேட்க வாயைத் திறந்தார், மூச்சை இழுத்தார், அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். சொன்ன பிறகு அவர் வாய் மூடவில்லை. அதற்குமேல் வந்தது யாருடைய பேச்சும் இல்லை, அவருடையதுதான்.

"நாந்தான் கவுறு கட்டுனன். நாலு பேருக்கும் கட்டுனன். மூணு பேர இழுத்தாச்சு. நாலாவது ஆளுக்குப் பதிவே இல்ல, அது கணக்குல வராது, கவுத்த அறுத்து உட்ருன்னு மொதலாளி சொன்னாரு. அறுத்து உட்டன். மறுநா அந்தத் தொட்டிய மண்ணப் போட்டு மூடியாச்சு."

ஏட்டு நடேசன் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தார். "மெதுவாச் சொல்லு. எழுதிக்கறேன்" என்றார்.

அதே நாள் பத்து மணிக்கு வேதாரண்யம் காவல் நிலையத்தில் சென்னியப்பன் பேனா கேட்க வாயைத் திறந்தபோது, மூச்சு ஒன்று இழுத்து, அவர் எழுத்திலும் மேடையிலும் ஒருநாளும் பேசாத பேச்சில், "எங்கூட்டுக்காரரு வெள்ளிங்கிரி" என்று வந்தது. ஊருக்கு வெளியே அந்த வாக்கியம் வந்த ஒரே ஆள் அவர்தான். சப் இன்ஸ்பெக்டர் "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார், அன்றைக்குக் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

தொட்டியைத் தோண்டினார்கள். முதலில் போசி கிடைத்தது. தங்கமுத்துவை அழைத்துப் போனார்கள், அவர் மப்ளர் கட்டிக்கொள்ளவில்லை. வெள்ளிங்கிரியை அடக்கம் செய்த மறுநாள் காலை துளசிமணி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, நாங்களே போய் உட்கார்ந்தோம். ஏழு மாதம் தாமதமாக ஊர் எழவு விசாரிக்க வந்தது. பெண்கள் முடியை அவிழ்த்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே அழுதபடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ராமாத்தாள் கட்டிக்கொண்டபோதுதான் துளசிமணி முதன்முதலாக அழுதாள், ஆவணியிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள், நெற்றியில் அன்றைக்கு வைத்திருந்த பொட்டு ராமாத்தாளின் தோளில் ஒட்டிக்கொண்டு போனது. வரிசை மூன்று நாள் குறையவில்லை. ஏட்டு சீருடை இல்லாமல் வந்தார். நான் போய்க் கை நீட்டினேன். அவள் தொட்டாள். தொடாமல் விட்டிருந்தாலும் அது நியாயம்தான்.

சென்னியப்பன் அறுபது நாள் முடிந்து, அடக்கம் நடந்த பதினாறாம் நாள் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல், பையோடு நேராக அங்கே வந்தார். இரண்டு கையையும் நீட்டினார், துளசிமணி தொட்டாள், பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போது அவர் எங்கே வேண்டுமானாலும் பேசலாம், ஒன்றும் பேசவில்லை. வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டிய நேரத்தில் எழுந்தார், போகாமல் நின்றார், பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். வரப்போகிற 'மடை' இதழின் முதல் பக்கம், அவர் கையெழுத்தில். நான்கு பெயர்கள் இருந்தன. முதல் மூன்று பெயருக்கு எதிரே ஆதாரம் என்ற இடத்தில் பதிவேட்டு எண்ணும் அறிக்கை எண்ணும் இருந்தன. நான்காவது பெயருக்கு, மேஸ்திரியின் வாக்குமூலம் வந்த பிறகும், தோண்டி எடுத்த அறிக்கை வந்த பிறகும், ஆதாரம் என்ற இடத்தில் 'மனைவி துளசிமணி சொன்னது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

துளசிமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"வயசு தப்பா இருக்குதுங்க. முப்பத்தொம்போதுன்னு எழுதியிருக்கறீங்க. ஆடியிலயே நாப்பது ஆயிருச்சு அவருக்கு."

சென்னியப்பனின் வாய் வழக்கம்போல் திறந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும், தெருப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், பெஞ்சின் மேல் தாளை வைத்து முப்பத்தொன்பதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார்.